முப்பதாம் நாள் வெண்பா

சுவாமிநாதன் அந்த நாளிதழின் சேலம் பதிப்பில் பதினெட்டு ஆண்டுகளாகச் செய்தி ஆசிரியர். ஆயினும் சேலத்திலும் நாமக்கல்லிலும் அவருடைய பெயரை அறிந்தவர்கள் செய்திக்காக அறிந்தவர்கள் அல்லர். கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களில், இறந்தவர் படத்துக்குக் கீழே நான்கு அடிகளில் ஒரு வெண்பா நிற்கும். அதை எழுதுபவர் அவர். ஜவுளிக்கடைக்காரரோ லாரி உரிமையாளரோ காலமானால், விளம்பரம் கொடுக்க வரும் பிள்ளைகள் "பாட்டு அய்யா இருக்காருங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் அலுவலகப் படியேறுவார்கள். அந்தப் பாட்டுக்கு அவர் எவரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டில் விடியலில் நீராடி, நீறு பூசி, விளக்கேற்றிப் பதிகம் பாடிய பிறகே பேனாவைத் தொடுவார். யாப்பில் தளை தட்டினால் அன்றைக்குக் காலை உணவு இறங்காது அவருக்கு.

சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில், விளம்பரப் பிரிவு மேலாளர் ஈஸ்வர் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு அவருடைய மேசைக்கு வந்தான்.

"சார், இவங்க புதுச்சத்திரம். வீட்டுக்காரர் தவறி இருபத்தாறு நாளாச்சு. முப்பதாம் நாளுக்குக் கண்ணீர் அஞ்சலி போடணுமாம். இவங்க கொண்டாந்த வாசகம் சரிப்படாது. நீங்க ஒரு பாட்டு எழுதிக் கொடுத்துடுங்க."

சொல்லிவிட்டு, கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றை மேசைமீது வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டான். அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். வயது முப்பதைத் தொட்டிராது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் குடும்ப அட்டையும் இன்னும் சில தாள்களும்.

சுவாமிநாதன் தாளை எடுத்துப் படித்தார். பள்ளிக்கூடத்து உருண்டைக் கையெழுத்து.

'என் கணவர் சென்றாயன் ஆட்டையாம்பட்டி ரோட்டில் இருக்கும் அப்புசாமி சாயப்பட்டறைக்குக் கூலி வேலைக்குப் போனார். முதலாளி சொல்லித்தான் கழிவுத் தொட்டிக்குள் இறங்கினார். விஷக்காற்று அடித்து இறந்தார். அவர் திருடப் போகவில்லை. இப்படிக்கு மனைவி அன்புச்செல்வி.'

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தின் கீழே அவளே இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

அந்தக் கோடுகளைக் கண்டதும் சுவாமிநாதனின் காது மடல்கள் சுட்டன. முகத்தைத் தாளிலிருந்து எடுக்காமல், "உட்காரு அம்மிணி" என்றார்.

"இருக்கட்டுங்க."

"உட்காரும்மா."

உட்கார்ந்தாள். "பட்டறைப் பேரு வேண்டாமுன்னா எடுத்துருங்க. அந்தக் கோடு போட்ட வரி மட்டும் இருந்தாப் போதுமுங்க. நான் முட்டைக் கிடங்குல அடுக்கற வேலைங்க. பேப்பர்ல சேதி வந்த மூணாம் நாளு சூப்பர்வைசர் கூப்புட்டு, முதலாளி சங்கடப்படறாரு, கிடங்குக்குள்ள வரவேண்டாமுன்னு சொல்லிட்டாரு. திருடன் சம்சாரம் முட்டை எடுத்துட்டுப் போயிருவாளாமா. ஒன்பது வருசமா அடுக்கறேன், ஒரு முட்டை ஒடஞ்சதில்லீங்க."

அவர் மேசையில் திறந்து கிடந்த பேனாவை எடுத்து மூடினார்.

"ஏனுங்க, அந்தச் சேதியை எழுதுனவங்க இந்த ஆபீஸ்லதான் இருப்பாங்களாங்க?"

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. விடையிறுக்க ஒரு மூச்சளவு நேரம் இருந்தது சுவாமிநாதனுக்கு. அந்த ஒரு மூச்சில், அன்றாடம் நீறணிந்து மெய்ப்பொருளைப் பாடும் அவருடைய நாக்கு, எவரும் தூண்டாமலே, தானாகவே ஒரு வழி கண்டுகொண்டது.

"அதெல்லாம் வெளியூர் நிருபருங்க அனுப்பறதும்மா. இராசிபுரத்துல இருந்து வந்த சேதி."

"யோகேஷுன்னு ஒருத்தருங்களா? அவரு அன்னைக்கு ஊட்டுக்கு வந்து எல்லாத்தையும் கேட்டு எழுதிட்டுப் போனாருங்களே." அவள் குரல் மெல்ல இறங்கியது. "தண்ணி குடுத்தேனுங்க அவருக்கு."

அவர் தாளை மடித்தார், பிறகு பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

நடந்தது இதுதான். சென்றாயன் இறந்த அன்று மாலை ஆறு மணிக்கு யோகேஷின் செய்தி வந்தது. பகுதிநேர நிருபன், கூடவே விளம்பரமும் பிடித்துக் கொடுத்தால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும். அப்படியிருந்தும் அவன் உள்ளதை உள்ளபடி அனுப்பியிருந்தான். கூலித் தொழிலாளி, தொட்டியைச் சுத்தம் செய்யுமாறு ஏவப்பட்டது, விஷவாயு, உடன் இருந்தவர்களின் பெயர்கள், பட்டறையின் பெயர், உரிமையாளர் அப்புசாமி வகிக்கும் கட்சிப் பொறுப்பு, எல்லாம் இருந்தன. ஏழு மணிக்கு ஈஸ்வர் வந்தான். பட்டறைக் கணக்குப்பிள்ளை அனுப்பிய ஒரு விளக்கத்தைக் காட்டினான். சென்றாயன் என்ற பெயரில் எங்களிடம் வேலையாள் எவருமில்லை, பித்தளைக் குழாய்களைத் திருடும் நோக்கத்துடன் சுவரேறிக் குதித்தவர் தவறி விழுந்திருக்கலாம் என்று அதில் இருந்தது. "பட்டறைப் பேரு வேண்டாம் சார். இதையும் ஒரு வரி சேர்த்துக்கலாம்னு மேலேயிருந்து சொல்றாங்க" என்றான். அவன் கேட்டது ஒரு வரி.

தலைப்பை எழுதியவர் சுவாமிநாதன். செய்தியின் உடலில் 'கூறப்படுகிறது' என்று ஒரு போர்வையை இட்டார். தலைப்பில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. 'திருட வந்த வாலிபர் தொட்டியில் விழுந்து பலி.' இரண்டு பத்தி அகலத்தில், ஓரெழுத்தும் துருத்தாமல், அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தியது. பொருந்தியதைப் பார்த்து அவருக்குள் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டானது. மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடலாம். அந்த மகிழ்ச்சியை நினைக்கும்போதுதான் இன்று அவருக்குக் கூசியது.

"கொஞ்சம் இரும்மா" என்று எழுந்து ஈஸ்வரின் அறைக்குப் போனார்.

"பட்டறைப் பேரை எடுத்துட்டுப் போடலாமே தம்பி."

"எந்தத் தொட்டின்னு ஆட்டையாம்பட்டியில பால் ஊத்தறவனுக்குக்கூடத் தெரியும் சார். வெள்ளிக்கிழமை அப்புசாமி அண்ணனோட கும்பாபிஷேகச் சிறப்பு மலர். தேர்தல் விளம்பரம் பூரா அவரு கை வழியாத்தான் வரணும். நாலு வரிக்கு அத்தனையும் கொண்டுபோய்க் காவேரில போடச் சொல்றீங்களா?"

"அவ புருசன் திருடன் இல்லப்பா."

"எனக்கும் தெரியும்." ஈஸ்வர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "திருடன்னு எழுதுனது நானா சார்?"

சுவாமிநாதன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஈஸ்வருக்கே சொன்னது உறுத்தியிருக்க வேண்டும். சற்றுத் தணிந்து, "பாட்டுன்னா தாராளமாப் போடுங்க. அதுல நான் கை வைக்க மாட்டேன். பாட்டை எவன் சார் படிக்கறான்? எங்கப்பனுக்கு நீங்க எழுதுனதையே நான் இன்னும் முழுசாப் படிக்கல" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பிலிருந்து ஒரு வெளிச்சம் கிடைத்ததாகச் சுவாமிநாதனுக்குப் பட்டது. எவனும் படிக்காத இடம் ஒன்று அந்தத் தாளில் இருக்கிறது. எந்த மேலாளரும் எட்டிப் பார்க்காத, எந்தக் கட்சிக்காரனும் கை நீட்டாத நான்கடி நிலம். அங்கே உண்மையை நட்டு வைத்தால் பிடுங்க ஆளில்லை. மேசைக்குத் திரும்பும்போது அவருடைய நடையில் ஒரு வேகம் வந்திருந்தது.

"அம்மிணி, நீ சொன்னது அத்தனையும் வரும். வேலைக்குப் போனது, சொல்லித்தான் இறங்கினது, திருடன் இல்லைங்கறது எல்லாம். ஆனா வசனமா வராது, வெண்பாவா வரும்."

"பாட்டுங்களா?" அவள் சற்றுத் தயங்கினாள். "எல்லாருக்கும் வெளங்குமுங்களா?"

"வசனம் மறுநாள் குப்பைக்குப் போயிரும். வெண்பா நூறு வருசம் நிக்கும்."

அவள் கேட்டது ஒன்று, அவர் சொன்ன விடை வேறொன்று. அதை அவளும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை.

"அப்பச் சரிங்க. நீங்க படிச்சவங்க. வெள்ளிக்கிழமை ஊட்டுல முப்பதாம் நாள் படையல் வெக்கறோமுங்க. எங்க கிடங்கு சூப்பர்வைசரையும் வரச் சொல்லியிருக்கறேன், பேப்பரை அவரு காதுல விழற மாதிரி படிக்கணுமுன்னு. நீங்களும் வரோணுமுங்க. வந்தாத்தான் அவரு மதிப்பாரு."

வருவதாக ஒப்புக்கொண்டார்.

மறுநாள் விடியலில், விளக்கின் முன் அமர்ந்து எழுதினார். ஏற்காட்டு மலைப்பாதையில் முதல் பேருந்து உறுமிக்கொண்டு ஏறியது. அது தேய்ந்து மறைவதற்குள் இரண்டடி வந்துவிட்டன. மூன்றாமடியில் 'திருடன்' என்ற சொல் தளைக்கு உட்பட மறுத்தது. ஒரு நாழிகை தேடினார். பழைய நிகண்டு ஒன்றிலிருந்து 'கரவடன்' வந்து உட்கார்ந்தது. அத்தகைய சொல் வந்து அமையும்போது அது தாம் தேடியதன்று, அருளப்பட்டது என்றே அவர் எப்போதும் எண்ணுவார். முடித்து, தாளை விளக்கின் அடியில் வைத்து, கை கூப்பினார்.

ஏவல் தலைநின் றிருங்கயம் புக்கிறங்கி
ஆவி அடங்கினான் ஆங்கொருவன் – மேவியதோர்
ஊதியத்துக் குற்றானை ஓரார் கரவடனென்
றோதல் உலகின் பழி.

அவருடைய மனைவி ராமாத்தாள் காபியுடன் வந்தவள், அவர் முகத்தைப் பார்த்து, "என்னுங்க, இன்னைக்கு மூஞ்சி தெளிஞ்சிருக்குது?" என்றாள். ஒரு மாதமாக அவர் சரியாக உண்ணவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது.

ஈஸ்வர் வெண்பாவைப் படிக்காமலே கையெழுத்திட்டு அச்சுக்கு அனுப்பினான். ஒரு பெரும் கோட்டையின் காவலைக் கடந்துவிட்டவர்போல் அன்று பகல் முழுவதும் சுவாமிநாதன் தமக்குள் நகைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை நாமக்கல் பேருந்தில் ஏறும்போது இதழை வாங்கிக்கொண்டார். ஏழாம் பக்கத்தின் மேற்பாதி முழுவதும் அப்புசாமி, தோளில் பட்டு, நெற்றியில் குங்குமம், இரு கையும் கூப்பி. 'திருப்பணிச் செம்மலே வருக' என்று விரற்கடை உயர எழுத்தில் இருந்தது. அதன் கீழே, இடது மூலையில், தீப்பெட்டி அகலத்தில் சென்றாயனின் படமும் வெண்பாவும். இரண்டும் ஒரே பக்கத்தில் அமைந்ததைத் தற்செயல் என்றே அவர் தேற்றிக்கொண்டார்.

புதுச்சத்திரத்தில் இறங்கி, நெடுஞ்சாலையைக் கடந்து, கோழிப்பண்ணைகளின் வாடை காற்றில் வரும் மண்பாதையில் நடந்தார். வீட்டுக்கு முன்னே நீலப் பந்தல். பாதையோரம் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு யோகேஷ் நின்றிருந்தான். இவரைக் கண்டதும் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "வணக்கம் சார்" என்றான்.

"உள்ள வரலியா யோகேஷ்?"

"உடமாட்டேங்கறாங்க சார். திருடன்னு எழுதுனது நாந்தான்னு ஆபீஸ்லயே சொல்லிட்டாங்களாமா." அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "யாரு சொன்னாங்கன்னு நான் கேக்கல சார். ரெண்டு நாளா வந்து நிக்கறேன். நான் அனுப்புனது இன்னும் போன்ல அப்படியே இருக்குது. காட்டுனா நம்புவாங்க. காட்டுனா, அப்ப மாத்துனது யாருன்னு கேப்பாங்க. அதான் காட்டல."

சுவாமிநாதன் தம் தோளில் இருந்த துண்டைச் சரி செய்தார். பதினெட்டு ஆண்டுகள் இறந்தவர்களுக்கெல்லாம் சொல் தேடிக் கொடுத்தவருக்கு, உயிரோடு நிற்கும் ஒருவனுக்குக் கொடுக்க ஒரு சொல் அகப்படவில்லை. பந்தலுக்குள் நடந்தார்.

அன்புச்செல்வி எழுந்து வந்து வரவேற்றாள். "வாங்க சாமி, வாங்க. மாரியண்ணா, நான் சொன்னேனல்லீங்க, பாட்டு எழுதுற அய்யா. சேலத்துல இருந்து வந்திருக்கறாங்க."

முட்டைக் கிடங்கு மேற்பார்வையாளர் மாரி, பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து வணங்கினார். ஐம்பது வயது, சட்டைப் பையில் பேனாவும் கைபேசியும். பக்கத்தில் சென்றாயனின் பெரியப்பா மகன் சின்னான், லாரி கட்டும் பட்டறைக்காரர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். படிக்கப் போவது அவர்.

மாலையிட்ட படத்தின் முன் படையல் வைத்து, கற்பூரம் காட்டியபின், அன்புச்செல்வி இதழைச் சின்னானிடம் கொடுத்தாள்.

"சத்தமாப் படிங்க மாமா. மாரியண்ணன் காதுல விழோணும்."

சின்னான் தொண்டையைச் செருமினார். "ஏவல் தலைநின்... றிருங்கயம்..." நிறுத்தினார். "ஏனுங்கய்யா, 'றி'ன்னு ஆரம்பிக்குது?"

"சேர்த்துப் படிங்க. தலைநின்றிருங்கயம்."

"தலைநின்றிருங்கயம் புக்கிறங்கி. ஆவி அடங்கினான் ஆங்கொருவன். மேவியதோர்... ஊதியத்துக் குற்றானை... ஓரார்..." கொதிக்கும் தாரில் நடப்பவர்போல் ஒவ்வொரு சீராகக் கால் வைத்து ஒருவழியாகப் 'பழி'யை அடைந்தார். அடைந்ததும் நெற்றியைத் துடைத்தார். பந்தலில் இருந்த ஒரு கிழவி, "சாமி பாட்டுங்களா?" என்று கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தாங்களும் கை கூப்பினார்கள்.

அன்புச்செல்வி மாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாரி தலையை ஆட்டினார். "நல்ல பாட்டுங்க. கேக்க நல்லா இருக்குது."

"திருடன் இல்லைன்னு வந்திருச்சில்லீங்கண்ணா?"

"அதுல வந்துச்சா?" மாரி இதழை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். "எவத்தைக்கு இருக்குது அம்மிணி? எந்த எடத்துல?"

அவள் சுவாமிநாதனிடம் திரும்பினாள். அந்தப் பார்வையில் இன்னும் நம்பிக்கை இருந்தது. "அய்யா, எந்த வரியுங்க?"

அவர் பொருள் சொல்லத் தொடங்கினார். அவருடைய உரை அலுவலகத்திலும் அறநெறிச் சபைகளிலும் புகழ்பெற்றது. 'ஏவல்' என்றால் முதலாளி இட்ட ஆணை. 'இருங்கயம்' என்றால் பெரிய நீர்நிலை, இங்கே தொட்டி. 'ஊதியத்துக்கு உற்றான்' என்றால் கூலிக்கு வந்தவன். சொல்லச் சொல்ல, தாம் பூட்டிய பூட்டுகளைத் தாமே ஒவ்வொன்றாகத் திறந்து காட்டும் கொல்லனின் நிலை தமக்கு வந்திருப்பதை உணர்ந்தார்.

"கரவடன்?"

"திருடன்."

"திருடன்னே போட்டிருக்கலாமுங்களே." அவள் குரலில் கோபமில்லை. "முதல்ல வந்த சேதியில அப்படித்தானுங்க போட்டாங்க. கடைசி வரிக்கு என்னங்க அர்த்தம்?"

"நினைச்சுப் பார்க்காதவங்க அவரைத் திருடன்னு சொன்னது... உலகத்துக்கு வந்த பழி."

"உலகமுன்னா யாருங்க?"

அவர் தோள் துண்டின் நுனியை விரலில் சுற்றினார்.

"மாரியண்ணனுங்களா? அவரு பேப்பரைப் பாத்துட்டுச் சொன்னாரு. முதலாளி மாரியண்ணன் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டாரு. உலகம் என்னத்தைங்க பண்ணுச்சு? எழுதுனவரு ஒருத்தரு இருப்பாரில்லீங்க."

பிளாஸ்டிக் உறையைத் திறந்தாள். குடும்ப அட்டைக்குப் பின்னாலிருந்து, நான்காக மடித்த ஒரு துண்டை எடுத்துப் பிரித்து, வெண்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். மடிப்பு விழுந்த இடங்களில் மை தேய்ந்திருந்தது, தலைப்பு தேயவில்லை.

"இதைப் பக்கத்து ஊட்டுல மூணாவது படிக்கற புள்ளைதானுங்க எனக்கு முதல்ல படிச்சுக் காட்டுச்சு. ஒருக்காத்தான் படிச்சுச்சு. எல்லாருக்கும் வெளங்கிப்போச்சு." துண்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "தப்பா நெனைக்காதீங்க சாமி. உங்க பாட்டு பெருசுதான். ஆனா இந்தத் தமிழு எழுதறவரு உங்க ஆபீஸ்ல இருக்காரில்லீங்க? எழுதுனது யோகேஷே ஆகட்டும், வேற ஆரே ஆகட்டும். அவரு கையாலயே எழுதித் தரச் சொல்லுங்க. இதே மாதிரி வெளங்கற மாதிரி."

பந்தல் துணியின் கிழிசலில் வெயில் விழுந்து தலைப்பின்மேல் நின்றது. சுவாமிநாதன் அதைப் பார்த்தார். ஓரெழுத்தும் துருத்தவில்லை. தம் பிள்ளையை எங்கே கண்டாலும் அறிந்துகொள்ளும் தந்தையைப்போல் அவர் அதை அறிந்தார். இந்த ஏழை வீட்டின் ஒரே பாதுகாப்பான இடத்தில், குடும்ப அட்டையோடு ஒட்டி, தம்முடைய எழுத்து முப்பது நாள் குடியிருந்திருக்கிறது. அவளுக்குக் கெடுதி செய்யும்போது தமக்கு எளிய தமிழ் வந்தது. பரிகாரம் செய்யும்போதுதான் நிகண்டு தேவைப்பட்டது. ஈஸ்வருக்கு எட்டாத இடத்தில் மறைத்து வைத்தோம் என்று நகைத்தாரே, அவளுக்கும் எட்டாத இடமல்லவா அது. பழியையோ, அதையும் உலகத்தின் தலையில் வைத்துவிட்டு, விளக்கின் முன் கை கூப்பியிருக்கிறார்.

"யோகேஷ் இல்லம்மா" என்றார்.

"என்னுங்க?"

"அந்தப் பையன் நீ சொன்னபடிதான் எழுதி அனுப்பினான். மாத்தினது நான். தலைப்பு என்னுது. அன்னைக்கு நீ கேட்டப்ப அவன்மேல போட்டதும் நான்தான்."

கோழிப்பண்ணையிலிருந்து வந்த காற்று பந்தல் துணியை உப்பவைத்தது. சின்னான் கண்ணாடியைக் கழற்றினார். யாரோ ஒருவர், "தூத்தேறி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே எழுந்துபோனார். அன்புச்செல்வி அழவில்லை; திட்டவில்லை. கணவனின் படத்தைப் பார்த்தாள். பிறகு மாரியின் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கைநீட்டிக் கேட்டு வாங்கி, உறையிலிருந்து ஒரு கோடு போட்ட தாளை எடுத்து, இரண்டையும் அவர் முன் வைத்தாள்.

"அப்ப எழுதுங்க."

இதுவரை மரியாதையில் குழைந்திருந்த அந்தக் குரல், வேலை வாங்கும் குரலாக மாறியிருந்தது.

அவர் எழுதினார். 'சென்றாயன் சாயப்பட்டறைக்குக் கூலி வேலைக்குப் போனார். முதலாளி சொன்னதால் தொட்டிக்குள் இறங்கினார். விஷக்காற்று அடித்து இறந்தார். அவர் திருடப் போகவில்லை. நிருபர் யோகேஷ் சரியாக எழுதி அனுப்பியதை மாற்றி, திருட வந்தார் என்று எழுதியவன் நான்.' கீழே பெயரும், பதவியும், இதழின் பெயரும் எழுதிக் கையெழுத்திட்டார். ஐந்து வாக்கியங்கள். எழுதி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு மாதமாக இது இவ்வளவு சிறியதாகவா இருந்தது என்று எண்ணிக்கொண்டே, தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் ஒருமுறை படித்தாள். "இதைப் பேப்பர்ல போடுவாங்களாங்க?"

"போட மாட்டாங்க."

"தெரியுமுங்க" என்று தாளை மாரியிடம் நீட்டினாள். "படிங்கண்ணா."

மாரி படித்தார். உதடுகள் ஒருமுறைதான் அசைந்தன. சுவாமிநாதனை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொண்டார். "இது வெளங்குது. குடு அம்மிணி, முதலாளிகிட்டக் காட்டறேன். என்ன சொல்லுவாருன்னு இப்பச் சொல்ல முடியாது. காட்டறேன்."

"ஒரு நகல் எடுத்துக்கிட்டுக் குடுக்கறேனுங்க." அவள் வாசலை நோக்கிக் குரல் கொடுத்தாள். "யோகேஷண்ணா, உள்ள வாங்க. இதை உங்க போன்ல ஒரு போட்டோ எடுங்க."

யோகேஷ் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். படம் எடுக்கும் முன் சுவாமிநாதனைப் பார்த்து, "சார், எடுக்கட்டுங்களா?" என்றான். இந்நிலையிலும் அவன் தம்மிடம் அனுமதி கேட்டது அவரைச் சுட்டது. "எடு" என்றார். எடுத்ததும், அவள் அவனுக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

அவர் எழுந்து போக முற்பட்டபோது சின்னான் வழியை மறித்தார். "படையல் வெச்ச ஊட்டுல வந்தவங்க கை நனைக்காமப் போகக் கூடாதுங்க" என்றார். உபசாரமாகச் சொல்லவில்லை, வழக்கம் என்பதால் சொன்னார். பந்தி போட்டார்கள். அவருக்கும் ஓர் இலை விழுந்தது. அன்புச்செல்வியே சோற்றுப் பாத்திரத்தை எடுத்து வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தாள். அவருடைய இலைக்கு வந்தபோது கை நிற்கவில்லை. மற்றவர்களுக்கு வைத்த அதே அளவு வைத்துவிட்டு, அடுத்த இலைக்குப் போனாள்.

சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. ஈஸ்வரின் பெயர். யோகேஷ் அனுப்பினானோ, பந்தலில் வேறு எவரேனும் அனுப்பினார்களோ. அரை மணிக்குள் சேலம் போய்விட்டது. அதிர்ந்து ஓய்ந்தது; மறுபடியும் அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை.

பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த ஒருவர், பந்தலுக்குள் நடந்ததறியாமல் சற்றுமுன்தான் வந்தவர், சாம்பாரைப் பிசைந்துகொண்டே அவர் பக்கம் சாய்ந்தார்.

"நீங்கதானுங்களா பாட்டு எழுதுனது? பஸ்ஸுல வரும்போது பேப்பர்ல படிச்சேனுங்க. ஒண்ணும் வெளங்கல. ஆனா ரொம்ப ஒசத்தியா இருந்துச்சுங்க."

சுவாமிநாதன் இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஆமாங்க, நான்தான்" என்றார்.